ராத்திரிக்கு எங்கே தங்குவீங்க?

"கங்கைகொண்டபுரம், ஒண்ணரை" என்று பெரியப்பா டிக்கெட் கேட்டார். ஒன்று அவருக்கு, அரை எனக்கு. 1976-ஆம் வருஷம், கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ். பெரியப்பா தோளில் தொங்கிய ஜோல்னாப் பையையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுருட்டிய காகிதத்தையும் கண்டக்டர் ஒரு தரம் பார்த்தார். "பொழுது சாயுற நேரத்துல போய் என்ன சார் பார்க்கப் போறீங்க? கடைசி பஸ் போயிட்டா ராத்திரிக்கு எங்க தங்குவீங்க?"

"ராஜேந்திர சோழன் அரண்மனையிலதான்" என்றார் பெரியப்பா. கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோயில் விமானத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் ஒன்று, விடிகாலை வெளிச்சத்தில் ஒன்று என்று இரண்டு படம் போட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. அதற்கு அந்த ஊரில் ஒரு ராத்திரி படுத்தே ஆக வேண்டும். தன்னிடம் படித்த ஒரு பையனின் வீடு உட்கோட்டையில் இருந்தது. முன்கூட்டிக் கடிதாசு போட்டுச் சொல்லியிருந்தார். கடிதாசு நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது என்பது தனிக்கதை.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்ற எங்களுக்கு அந்த வீட்டுத் திண்ணையில் கோரைப்பாய் விரித்தார்கள். சுடுசோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம். படுக்கும்போது சுவரில் காரை பெயர்ந்த இடம் கண்ணில் பட்டது. செங்கல் நம் ஊர்ச் செங்கல் போல இல்லை. அகலமாக, தட்டையாக இருந்தது. வீட்டுப் பெரியவர் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இதெல்லாம் மாளிகைமேட்டுச் செங்கல் தம்பி. எங்கப்பா காலத்துல மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்தது." மாளிகைமேடு என்பது ராஜேந்திரன் அரண்மனை இருந்த மேடு. சுற்று வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அது அப்போது காசில்லாத செங்கல் சூளை. பெரியப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். கண்டக்டரிடம் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

அப்போது எனக்கு விளங்காத ஒன்று பின்னால் விளங்கியது. 1025-ஐ ஒட்டி ராஜேந்திரன் தஞ்சாவூரை விட்டு இங்கே தலைநகரை மாற்றினான். அதிலிருந்து சோழ வம்சம் 1279-ல் முடியும்வரை இரண்டரை நூற்றாண்டு இதுதான் ராஜதானி. கங்கை வரை போய் வந்த படை, கடல் தாண்டிப் போய் வந்த படை எல்லாம் இந்த மண்ணில்தான் கூடாரம் அடித்திருக்க வேண்டும். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வீரசோழபுரம் என்று சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்களின் பெயரைச் சொன்னாலே நகரத்தின் வரைபடம் கிடைத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், வெளியூர்க்காரன் ஒருவன் காசு கொடுத்துத் தலை சாய்க்க 1976-ல் ஓர் அறை கிடையாது. இன்றைக்கும் கோயிலைச் சுற்றித் தேடினால் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

அதற்கும் முந்திய காலத்துக்குப் போனால், இடிபாட்டைப் பார்ப்பதற்கென்று யாரும் பயணம் கிளம்பவில்லை. சாமி பார்க்கப் போனார்கள். போகிற வழியில் தங்கினார்கள். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் கட்டிய சத்திரங்கள் ராமேஸ்வரம் போகிற பாதையில் வரிசையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், மீமிசல் என்று சத்திரங்கள்; பலவற்றுக்கு ராணிகளின் பெயர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டடத்தையே குதிரையும் யானையும் இழுக்கிற தேர் போலச் செதுக்கியிருப்பார்கள்.

இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். நாட்டு நிர்வாகம் கும்பெனி கைக்குப் போய்விட்ட நேரம். சத்திரங்களையாவது என்னிடம் விட்டுவையுங்கள் என்று கேட்கிற கடிதம் அது. எந்தச் சாதிக்காரன் வந்தாலும் சோறு, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும், நோயாளிக்கு வைத்தியர், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு, செத்துப்போனால் அவரவர் முறைப்படி சடங்கு என்று அதில் விவரம் போகும். எனக்குப் பிடித்தது வேறு ஒரு வரி. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கூவி அழைப்பார்களாம். இன்றைக்கு எத்தனை நட்சத்திர ஓட்டலாக இருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கிச்சன் மூடியாச்சு என்பார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது ராமேஸ்வரம் பாதையிலும் இல்லை, தஞ்சாவூர் ராஜாவின் எல்லையிலும் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, உடையார்பாளையம் பாளையத்தைச் சேர்ந்த பூமி. ஆற்றைத் தாண்டியதும் வயல் முடிந்து செம்மண்ணும் முந்திரிக்காடும் தொடங்கிவிடும். டெல்டாக்காரர்களுக்கு அது இன்றும் 'ஆத்துக்கு அந்தண்டை'.

அந்தண்டை போகிறவர்களுக்கு முதல் தங்குமிடம் அமைந்தது ஆற்றின் மேலேயேதான். அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிலை ஏறக்குறைய முழுசாகப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர் ஜனங்கள் மறித்திருக்கிறார்கள். மறித்ததற்குத் தண்டனைதான் மிச்சம். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 1855-ல் வெளியான ஒரு கெசட்டியர், வெள்ளைக்காரர்கள் பதிப்பித்ததே, வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறது. ஆக, தெற்கேயிருந்து கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்தக் கோயிலின் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். அணையைப் பார்வையிட வரும் இன்ஜினீயர்களுக்காக அணைக்கரையில் பொதுப்பணித்துறை பங்களா இருந்தது. செல்வாக்கு உள்ளவர்கள் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து அங்கே தங்கினார்கள். பெரியப்பாவும் ஒரு தரம் முயன்றார். அறை கிடைத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஜீப்பில் யாரோ ஆபீசர் வந்துவிட, "மன்னிச்சுக்கங்க சார்" என்று வாட்ச்மேன் பெட்டியை வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். கொசுவுக்கும் கொள்ளிடத்துக் காற்றுக்கும் நடுவே விடியவிடிய உட்கார்ந்திருந்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அணைக்கரை மீன் ருசியையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்வார்.

அந்தக் கல் இன்னும் சும்மா இல்லை. கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. தெற்கே மண்ணியாறு பிரிகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் எத்தனை தலைமுறை! ஐப்பசிப் பௌர்ணமியில் இதே கோயிலில், 13 அடிக்கு மேல் உயரமுள்ள லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்கிறார்கள். நூறு மூட்டை என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு வருகிற கூட்டத்துக்கு அளவில்லை. ஆனால் பிரசாதம் வாங்கிய கையோடு எல்லோரும் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள்.

நான் தனியாக, சம்பாதிக்கிறவனாக அங்கே போனது 1989-ல். அப்போது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் வந்திருந்தது. கோயிலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். பெரிய நோட்டு ஒன்றில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதி, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'இடிபாடு பார்க்க' என்று எழுதினேன். மேனேஜர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். மேலே இருந்த பெயர்களெல்லாம் முந்திரி வியாபாரம், மருந்துக் கம்பெனி, கல்யாணம். அவரே என் எழுத்தை அடித்துவிட்டுக் 'கோயில்' என்று திருத்தினார். மரக்கட்டை கோத்த சாவி, ஒரு வாளி, ஒரு மக், தேங்காயெண்ணெய்க் கறை படிந்த தலையணை. பாத்ரூம் வராந்தாக் கோடியில். குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்து லாட்ஜில் இன்று இல்லாத ஒரு சௌகரியம் இருந்தது. எத்தனை மணிக்கு வருகிறோமோ அங்கிருந்து 24 மணி நேரம் கணக்கு. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு விமானத்தில் வெயில் இறங்குவதைப் பார்க்கலாம்; மறுநாள் விடிகாலையில் ஒரு தரம் போகலாம்; மத்தியானம் குளித்துத் தூங்கி எழுந்து நாலுக்குக் காலி செய்யலாம். இடிபாடு பார்க்கிறவனுக்காகவே போட்ட கணக்கு போல இருக்கும். இப்போது பெரும்பாலும் பகல் 12-க்குச் சாவியைக் கொடு என்கிறார்கள்.

இந்த மணிக்கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. கோயில் நடை மத்தியானம் 12 மணிக்குச் சாத்தினால் மறுபடி திறப்பது 4-க்கு. தஞ்சாவூரில் தங்கினால் 70 கிலோமீட்டர். டிபனை முடித்துக்கொண்டு, வழியில் தாராசுரத்தையும் பார்த்துவிடலாம் என்று நிறுத்தி, வந்து சேரும்போது அர்ச்சகர் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். பிரகாரத்தில் கல் கொதிக்கும். சண்டிகேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றுகிற அந்தச் சிற்பத்தின் முன்னால் செருப்பில்லாத காலோடு இரண்டு நிமிஷம் நிற்க முடியாது. போட்டோ எடுத்துவிட்டு வேனில் ஏறி ஏ.சி.யைப் போடு என்பார்கள். அப்படி நண்பகலில் பார்த்துவிட்டு 'தஞ்சாவூர் மாதிரி இல்லை' என்று சொன்னவர்கள் எத்தனையோ பேரைத் தெரியும். தஞ்சாவூர் விமானம் நிமிர்ந்து நேராகப் போகிறது. இது இடுப்பு வளைந்து ஏறுகிறது. அந்த வளைவு கண்ணுக்குத் தெரிய சாய்ந்த வெயில் வேண்டும். உச்சி வெயிலில் அது வெறும் உயரம்.

2004-ல் தாராசுரத்தோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. தஞ்சாவூர் 1987-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. 2022-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபிறகு வாலிபப் பட்டாளமும் வர ஆரம்பித்தது. ஒரு வேடிக்கை உண்டு. 1950-ல் கல்கி தொடர்கதையாக எழுதத் தொடங்கிய அந்தக் கதையில், வந்தியத்தேவன் ராத்திரி தங்க இடம் தேடித்தான் கடம்பூர் மாளிகைக்குப் போகிறான். வாசலில் காவல்காரர்கள் மறிக்கிறார்கள். முட்டி மோதி உள்ளே போய்ப் படுத்த இடத்தில்தான் நடுநிசிச் சதியாலோசனை அவன் காதில் விழுகிறது. அவன் மட்டும் அன்றைக்கு நல்ல சத்திரமாகப் பார்த்து ஒதுங்கியிருந்தால் கதை எங்கே போயிருக்கும்? வீராணம் பக்கம் இருக்கும் அந்தக் கடம்பூரும் இங்கிருந்து தொலைவில்லை. 2025 ஜூலை 27-ல் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்து போனார். ஆடித் திருவாதிரை ராஜேந்திரனின் பிறந்த நட்சத்திரம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லை.

இத்தனையும் நடந்து, தங்குகிறவர்கள் எல்லாம் எங்கே? கும்பகோணத்தில். சுமார் 35 கிலோமீட்டர். மகாமகக் குளத்தைச் சுற்றி லாட்ஜுகள், ஏ.சி. அறைகள், டிகிரி காபி, நவக்கிரகக் கோயில் வேன்கள். சனி ஞாயிறில் முன்பதிவு இல்லாமல் அறை கிடைப்பது கஷ்டம். கையில் காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சுற்று வட்டாரத்தில் திம்மக்குடி, வேப்பத்தூர் என்று கிராமத்துக்குள் பழைய வீட்டு பாணியில் விடுதிகள். முற்றம், தூண், ஊஞ்சல், பித்தளைச் சொம்பு, வாசலில் கோலம். எனக்கு உட்கோட்டைத் திண்ணை ஞாபகம் வந்தது. அன்றைக்குத் திண்ணைக்குக் காசு வாங்கவில்லை. இன்றைக்குத் திண்ணை வைத்த அறைக்குத்தான் வாடகை அதிகம். ஆனாலும் அவற்றை நான் பழிக்கமாட்டேன். இடிந்து விழ இருந்த எத்தனையோ அக்ரகாரத்து வீடுகளில் நாலு வீடு நிற்பது அவற்றால்தான்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே ஏன் யாரும் ஒரு விடுதி கட்டக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. 2010-ல் திருத்திய தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாண்டினால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. இங்கே எங்கே அஸ்திவாரம் தோண்டினாலும் நகரம் கிடைக்கும். 1980-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை மாளிகைமேட்டில் குழி போட்டது. 2021-லிருந்து மறுபடி தோண்டுகிறார்கள். செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் சில்லுகள். நாங்கள் 1976-ல் பார்த்தபோது அது முள்செடி மண்டிய மேடு. இப்போது கம்பி வேலியும் கூரையும் போட்டு, கீழே சுவர் வரிசை தெரிகிறது. என் வோட்டைக் கேட்டால் விடுதி வேண்டாம் என்பேன். ஹம்பியில் என்ன ஆயிற்று? கடைவீதி மண்டபங்களுக்குள்ளேயே குடித்தனமும் விடுதியும் வளர்ந்து, 2011-ல் ஆட்களை வெளியேற்றி இடித்தார்கள். துங்கபத்திரைக்கு அக்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்காக முளைத்த ரிசார்ட்டுகள் 2020-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தரைமட்டமாயின.

ஆனால் பொலன்னறுவையை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. இலங்கையில் சோழர்கள் ஆண்டபோது அதுதான் அவர்களுடைய தலைநகரம். வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. பின்னால் வந்த பராக்கிரமபாகுவின் பெரிய ஏரிக்கரையில் ஒரு பழைய ரெஸ்ட் ஹவுஸ் உண்டு. 1954-ல் எலிசபெத் ராணி தங்கிய இடம். சன்னலைத் திறந்தால் தண்ணீர். ராஜேந்திரனுக்கும் ஏரி இருந்தது. கங்கையை வென்றதற்குத் தூண் நடாமல் அவன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி. அதன் கரை 16 மைல் நீளம் என்று பழைய கணக்கு. அந்தக் கரையில் சாயங்காலம் உட்கார ஒரு பெஞ்சு போதும் எனக்கு.

போன வருஷம் என் தங்கை மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். "மாமா, நீங்க சும்மா இருங்க, நான் போன்லயே பார்த்துடறேன்" என்றாள். முதல் தடவை அவள் பிடித்த அறை தஞ்சாவூரில். பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் என்று போட்டிருந்ததாம். இரண்டு கோயிலுக்கும் அதே பெயர்தான் என்று செயலிக்குத் தெரியாது போலிருக்கிறது. அதை ரத்து செய்துவிட்டு ஜெயங்கொண்டம் பக்கம் 'கோயில் அருகில்' என்று இன்னொன்று பிடித்தாள். படத்தில் மெத்தையும் திரைச்சீலையும் பளிச்சென்று இருந்தன. போய் இறங்கினால் கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், சீரியல் பல்பு, மைக்செட். மாடியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கியது போக மிச்சம் இருந்த அறைதான் எங்களுக்கு. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கும்பகோணமே போயிடலாம் மாமா." நான் பாயை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். நாதஸ்வரம் ராத்திரி பதினொன்றுக்கு ஓய்ந்தது.

காலை நாலரைக்குக் கதவைத் தட்டினார்கள். வெளியே ஒரு பையன், கையில் வெந்நீர் வாளி. "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? அஞ்சரைக்கு முகூர்த்தம், சீக்கிரம் குளிச்சுட்டு இறங்குங்க."

"ரெண்டும் இல்லப்பா. நாங்க கோயிலுக்கு."

"எதுவா இருந்தா என்ன, தண்ணி சூடா இருக்குல்ல" என்று வாளியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

குளித்துக் கிளம்பிப் படியிறங்கும்போது சமையற்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக ஓர் அம்மா வெளியே வந்தார். நாங்கள் நழுவப் பார்த்தோம். "எங்க கெளம்பிட்டீங்க? மொதப் பந்திக்கு இலை போட்டாச்சு."

"நாங்க கல்யாணத்துக்கு வரலைங்க. கங்கைகொண்டபுரம் போறோம். நேரமாச்சு."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று சொல்லி, வாழையிலையில் நாலு இட்லியும் கொஞ்சம் கேசரியும் மடித்து, அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றி என் தங்கை மகள் கையில் திணித்தார். ஆறு மணிக்கு நடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். சுதை நந்தியின் முதுகில் அப்போதுதான் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.